மிச்சிகனில் குறைந்த பணத்தில் வேட்டை நிலம்: அடிக்கடி வரும் கேள்விகள்

மிச்சிகனில் நவம்பர் 15 என்றால் துப்பாக்கி மான் சீசனின் முதல் நாள், 30 வரை ஓடும். கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு இந்தப் பழக்கம் சக ஊழியர்களிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான். முதல் வருடம் யாராவது வேட்டை கேம்ப்புக்குக் கூட்டிப்போவார்கள், இரண்டாம் வருடம் சொந்தமாக வில்லோ துப்பாக்கியோ வரும், அதற்கடுத்த வருடம் "வடக்கே ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டால் என்ன" என்று ஆரம்பித்துவிடும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதை எல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கையில் பெரிய பணம் இல்லாதவர்களுக்கான பதில்கள் இவை. இருப்பவர்கள் நல்ல ஏஜென்ட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

நிலம் வாங்கித்தான் ஆகவேண்டுமா?

வேண்டாம். மாநில அரசின் காடு மட்டும் கிட்டத்தட்ட 40 லட்சம் ஏக்கர். அதற்கு மேல் ஹ்யூரான்-மனிஸ்டீ, ஹயவாதா, ஒட்டாவா என்று தேசியக் காடுகள், ஒவ்வொன்றும் சுமார் 10 லட்சம் ஏக்கர். அப்புறம் வரிச்சலுகை வாங்கிக்கொண்டு பொதுமக்களை வேட்டைக்கு உள்ளே விடும் தனியார் மரக்காடுகள் 20 லட்சம் ஏக்கருக்கும் மேல். இத்தனைக்கும் லைசென்ஸ் ஒன்று போதும்.

அப்படியானால் எதற்கு வாங்குகிறார்கள்? பொதுக்காட்டில் பரண் கட்டினால் உங்கள் பெயர், முகவரி எழுதி வைக்கவேண்டும், அதற்காக அந்த மரம் உங்கள் பேருக்கு ஆகிவிடாது, சீசன் முடிந்தால் கழற்றி எடுக்கவும் வேண்டும். கூடாரத்தை விட்டுவிட்டு வர முடியாது, பிள்ளைகளோடு கோடையில் போய்த் தங்க ஒரு இடம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இதெல்லாம் முக்கியம் என்றால் வாங்குங்கள். நிறைய மான் சுட வேண்டும் என்பது மட்டும்தான் ஆசை என்றால் அந்தப் பணத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு பொதுக்காட்டைச் சுற்றுவது லாபம்.

எச்-1பி-யில் இருக்கிறேன். நிலம் என் பேரில் வாங்கலாமா?

மிச்சிகனில் வாங்கலாம். இங்கே வசிக்கும் வெளிநாட்டவருக்குச் சொத்து விஷயத்தில் குடிமக்களுக்குரிய அதே உரிமை உண்டு என்று மாநில அரசியல் சாசனமே சொல்கிறது. எல்லா மாநிலமும் இப்படி இல்லை. மினசோட்டாவில் விவசாய நிலம் வாங்க பொதுவாக குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். என்ஆர்ஐ ஆகிவிட்டால் ஊரில் ஒரு ஏக்கர் நஞ்சைகூட விலைக்கு வாங்க முடியாது, இங்கே வந்து 40 ஏக்கர் காடு வாங்கலாம். வேடிக்கைதான்.

ஆனால் இதில் பலருக்குத் தெரியாத ஒரு வேலை இருக்கிறது. 1978-ல் வந்த ஒரு மத்தியச் சட்டப்படி, குடியுரிமையும் கிரீன் கார்டும் இல்லாதவர் விவசாய நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் அமெரிக்க விவசாயத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். எப்எஸ்ஏ-153 என்ற படிவம். "நான் விவசாயமா செய்கிறேன், மான் வேட்டைக்குத்தானே" என்று விட்டுவிடாதீர்கள். 10 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் 10 சதவீதம் மரம் நின்றாலே அது வனத்தொழில் நிலம் என்ற கணக்கில் வந்துவிடும். தெரிவிக்காமல் விட்டால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். கவுன்ட்டியில் இருக்கும் விவசாயத் துறை ஆபீஸில் கொடுத்தால் முடிந்தது.

துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?

கிரீன் கார்டு இருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். அதற்கு உள்ள விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்காவில் முறையாக வாங்கிய வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. மிச்சிகன் லைசென்ஸ் மார்ச் 1-ல் தொடங்கி அடுத்த மார்ச் 31 வரைக்கும்தான். புதுப்பிக்க மறந்தால் ஏப்ரல் 1 அன்று உங்கள் அலமாரியில் இருக்கும் துப்பாக்கி உங்களுக்கு வில்லங்கம். இமிக்ரேஷன் பேப்பர் நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் இந்த ரிஸ்க் தேவையா என்று வக்கீலிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து மிச்சிகனில் ரைபிள் வாங்கவும் போலீஸிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும்.

கிரீன் கார்டு வரும்வரை வில் அல்லது கிராஸ்போ (விசை வைத்த வில்) என்பது என் யோசனை. மேலே சொன்ன மத்தியச் சட்டம் வில்லுக்குப் பொருந்தாது. சீசனும் நீளம், அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை, பிறகு டிசம்பர் 1 முதல் ஜனவரி 1 வரை. 1960-லோ அதற்கு அப்புறமோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். முடிக்காதவர்களுக்கு, அனுபவம் உள்ளவர் கூடவே இருந்தால், இரண்டு சீசன் பழகுநர் லைசென்ஸ் கிடைக்கும்.

எத்தனை ஏக்கர் வேண்டும்?

இங்கே நிலம் பெரும்பாலும் சதுரங்கப் பலகைதான். 1785 சட்டத்தில் ஆரம்பித்த அளவை, ஒரு சதுர மைல் 640 ஏக்கர், அதைக் கால் கால் ஆக்கிக்கொண்டே வந்தால் 160, அப்புறம் 40. அதனால்தான் விளம்பரங்களில் 40 ஏக்கர் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு பக்கம் 1,320 அடி, அதாவது கால் மைல். 10 ஏக்கர் என்றால் சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 660 அடி.

இப்போது இதைப் பாருங்கள். குடியிருக்கும் வீடு, கேபின், பண்ணைக் கொட்டகை இவற்றிலிருந்து 450 அடிக்குள் உரிமையாளர் சம்மதம் இல்லாமல் துப்பாக்கி வேட்டை கூடாது. உங்கள் 10 ஏக்கருக்கு மேற்கே வேலியை ஒட்டி ஒருவர் வீடு கட்டியிருந்தால் 660-ல் 450 போய்விடும். மீதி இருப்பது கிழக்கு ஓரத்தில் ஒரு பட்டை. அங்கிருந்து சுட்டால் அடிபட்ட மான் நூறு அடி ஓடினாலே அடுத்தவன் நிலம். அங்கே போய் எடுக்க அவர் அனுமதி வேண்டும்.

அதற்காக 10 ஏக்கர் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. அது எதை ஒட்டி இருக்கிறது என்பதுதான் கேள்வி. 40 ஏக்கருக்குப் பணம் இல்லாதவர்கள் 10, 15 ஏக்கர் எடுத்து, அதன் ஒரு பக்கமாவது அரசுக்காட்டோடு சேர்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். பின்னால் இருக்கும் ஆயிரம் ஏக்கருக்கு வரியும் கட்டவேண்டாம், வட்டியும் கட்டவேண்டாம். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த அரசுக்காட்டின் பார்க்கிங், பொதுப்பாதை எல்லாம் எந்தப் பக்கம் என்று மேப்பில் பாருங்கள். உங்கள் வேலிக்குப் பக்கத்திலேயே பார்க்கிங் என்றால் முதல் நாள் காலையில் நாற்பது பேர் ஆரஞ்சு சட்டையோடு இறங்குவார்கள். பார்க்கிங் அந்தக் கோடியில், இடையில் ஒரு ஆறோ சதுப்போ, உங்கள் நிலம் இந்தக் கோடியில் என்றால், பொதுக்காட்டின் பின்கட்டுக்கு உங்களிடம் மட்டும் வாசல் இருக்கிறது என்று அர்த்தம். இப்படி ஒரு இடம் கிடைத்தால் இரண்டாயிரம் டாலர் கூடுதலாகவே கொடுக்கலாம். என்னைக் கேட்டால் குறைந்த பட்ஜெட்டில் விலை கொடுக்கவேண்டியது இந்த வாசலுக்குத்தான், ஏக்கர் எண்ணிக்கைக்கு அல்ல.

பாதை இல்லாத நிலம் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். "பக்கத்து நிலத்துக்காரர் நல்ல மனுஷன், முப்பது வருஷமா அந்த வழியாத்தான் போறோம்" என்று விற்பவர் சொல்வார். உண்மையாகவும் இருக்கும். அந்த நல்ல மனுஷன் செத்துப்போய், பிள்ளை சிகாகோவிலிருந்து வந்து கேட் போட்டு சங்கிலி மாட்டினால் என்ன செய்வீர்கள்? கோர்ட்டுக்குப் போகலாம், ஜெயிக்கவும் செய்யலாம், வக்கீல் பீஸில் இன்னொரு பத்து ஏக்கர் வாங்கியிருக்கலாம். நம் ஊரில் பொதுவழித் தகராறு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வழி உரிமை எழுத்தில், கவுன்ட்டி பதிவாளர் ஆபீஸில் பதிவாகி, நிலத்தோடு சேர்ந்து கைமாறும்படி இருக்கவேண்டும். அரசுக்காட்டுக்குள் ஓடும், வண்டிச் சக்கரம் பதிந்த இரட்டைத்தடம் வழியாகத்தான் போகமுடியும் என்றால் அதுவும் சும்மா விடப்பட்ட பழக்கமே தவிர உங்கள் உரிமை ஆகாது, இயற்கை வளத் துறையிடம் வாங்கிய வழி உரிமைப் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு சுலபமான சோதனை உண்டு. நில உரிமையில் வில்லங்கம் வந்தால் ஈடு கொடுக்கும் டைட்டில் இன்ஷூரன்ஸின் வழக்கமான பாலிசியில் நிலத்துக்குச் சட்டப்படி வழி உண்டு என்பதும் அடக்கம். பாலிசிக்கு முன்கூட்டியே அனுப்பும் கமிட்மென்ட் என்ற பேப்பரில் விதிவிலக்குகள் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். வழிக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று அங்கே ஒரு வரி இருந்தால், இன்ஷூரன்ஸ்காரனே பயப்படும் இடத்தில் உங்களுக்கு என்ன வேலை?

சாலை இருந்தாலும் அது என்ன சாலை என்று பாருங்கள். கவுன்ட்டி 'சீசனல்' என்று வகைப்படுத்திய சாலையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை பனி வாரமாட்டார்கள். மேக்கினா பாலத்துக்கு அந்தப் பக்கம், யூ.பி. என்று எல்லாரும் சொல்லும் மேல் தீபகற்பத்தில், சீசன் பாதியிலேயே உங்கள் கேம்ரி கார் அந்தச் சாலையில் நின்றுவிடும்.

இவ்வளவு மலிவாக ஏன் விற்கிறார்கள்?

பாதை இல்லை, இல்லையென்றால் தண்ணீர். ஆகஸ்டில் காய்ந்து கிடக்கும் இடம் ஏப்ரலில் முழங்கால் ஆழம் இருக்கும். ஈரநிலத்தில் மண் கொட்டி மேடாக்க அனுமதி வேண்டும், பெரும்பாலும் கிடைக்காது. கவுன்ட்டி இணைய மேப்பில் ஈரநில அடுக்கைப் போட்டுப் பாருங்கள், விவசாயத் துறையின் மண் வகை மேப்பையும் பாருங்கள், இரண்டும் இலவசம். சதுப்பு முழுக்கக் கெட்டது என்று இல்லை. 40-ல் 15 ஏக்கர் சதுப்பாக இருந்தால் மான் பகலில் படுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. நாற்பது ஏக்கருமே சதுப்பு என்றால் நீங்கள் எங்கே நிற்பீர்கள்?

இன்னொரு காரணம் மரம். விற்பதற்கு முன் நல்ல மேப்பிள் மரங்களை எல்லாம் வெட்டி விற்றுவிட்டு, வளைந்ததையும் பொந்து விழுந்ததையும் விட்டுவைத்திருப்பார்கள். அடிக்கட்டைகளைப் பாருங்கள், வெட்டு புதிதாக, அகலமாக இருந்தால் புரிந்துவிடும். வேட்டைக்கு இது நஷ்டம் இல்லை, வெளிச்சம் விழுந்த இடத்தில் ஆஸ்பென் துளிர்க்கும், மானுக்கு அது விருந்து. ஆனால் "மரமே இருபதாயிரம் போகும்" என்று ஏஜென்ட் சொல்வதை விலையில் சேர்க்காதீர்கள். ஆஷ் மரங்களைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம், 2002-ல் டிட்ராயிட் பக்கம் கண்டுபிடித்த பச்சை வண்டு அவற்றில் பெரும்பாலானதைக் கொன்றுவிட்டது.

மான் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நடந்து. காட்டில் மரத்தில் கட்டிவைத்து எடுத்தது என்று விற்பவர் காட்டும் கேமரா படங்களை நம்பாதீர்கள், கொம்பு மான் படம் எந்த வருடத்தது, எந்தக் காட்டினுடையது என்று யாருக்குத் தெரியும்.

பனி உருகி, இலை துளிர்க்காத ஏப்ரல் மாதம்தான் நல்ல நேரம். போன இலையுதிர்காலத்தின் தடயம் எல்லாம் அப்படியே இருக்கும்: கொம்பு உரசித் தோல் உரிந்த கைத்தடி கனத்து மரங்கள், காலால் சுரண்டிய மண், சதுப்பின் ஓரமாகக் குளம்பு மிதித்துக் கறுத்த ஒற்றையடித் தடம். சீடார் மரங்கள் இருந்தால் நிமிர்ந்து பாருங்கள். பசியில் மான் எட்டியவரை இலையைத் தின்றிருக்கும், ஆள் உயரத்தில் காடு முழுக்க ஒரே கோடு, சலூனில் கத்தரி வைத்து ஓரம் வெட்டியது மாதிரி. அந்தக் கோடு குளிர்காலத்தில் மான்கள் அங்கே அடைந்து கிடந்ததைச் சொல்கிறது, நவம்பரில் இருந்ததைச் சொல்லவில்லை. யூ.பி.யின் வடக்கில் இதற்கு நேர் எதிர்: கோடை முழுக்க மான் மேயும், பனி ஏற ஆரம்பித்ததும் தெற்கே சீடார் சதுப்புகளுக்கு மூட்டை கட்டிவிடும். ஜூனில் பார்த்து வாங்கியவர் டிசம்பரில் அணிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்து கேம்ப்காரர், ஊர் பெட்ரோல் பங்க், கறி வெட்டிக்கொடுக்கும் கடை, இந்த மூன்று இடத்தில் ஒரு காபியோடு பேசினால் எந்த மேப்பும் சொல்லாதது கிடைக்கும்.

நடக்கும்போதே எல்லைக்கல்லையும் தேடுங்கள். இங்கே கல் கிடையாது, தரையோடு தரையாக இரும்புக் கம்பி, தலையில் சர்வேயரின் எண் போட்ட பிளாஸ்டிக் தொப்பி. நான்கு மூலையும் கிடைக்கவில்லை என்றால் சர்வே செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

வரி எவ்வளவு வரும்?

விற்பவரின் ரசீதில் இருப்பது வராது. இதில்தான் நிறையப் பேர் அதிர்ந்து போகிறார்கள். 1994-ல் வந்த சட்டப்படி ஒருவர் கையில் நிலம் இருக்கும்வரை வரிக்கான மதிப்பு வருடத்துக்கு விலைவாசி அளவுக்கோ 5 சதவீதமோ, எது குறைவோ அவ்வளவுதான் ஏறும். கைமாறிய அடுத்த வருடம் அந்த வரம்பு என்ற மூடி திறந்துவிடும், சந்தை மதிப்பில் பாதிக்குப் போய் நிற்கும்.

கணக்கு போடுவோம். 80,000 டாலருக்கு வாங்குகிறீர்கள். விற்றவர் இருபத்தைந்து வருடமாக வைத்திருந்தார், அவருடைய வரி மதிப்பு 12,000. வரி விகிதம் 40 மில், அதாவது ஆயிரத்துக்கு 40 டாலர் என்றால் அவர் கட்டியது 480. உங்களுக்கு மதிப்பு 40,000, வரி 1,600. குடியிருக்கும் வீட்டுக்கு உள்ள பள்ளி வரி விலக்கும் காட்டுக்குக் கிடையாது. கைமாறிய விவரத்தை 45 நாளுக்குள் டவுன்ஷிப்பில் (உள்ளூர் நிர்வாகம்) படிவம் கொடுத்துச் சொல்லவேண்டும், மறைக்கப் பார்த்தால் அபராதத்தோடு வரும்.

குறைக்க வழி உண்டு. 20 ஏக்கருக்குக் குறையாத காடு என்றால் 'குவாலிஃபைடு ஃபாரஸ்ட்' திட்டத்தில் சேர்ந்து, வன மேலாண்மைத் திட்டம் எழுதி வாங்கினால், பள்ளி வரியில் 18 மில் வரை விலக்கு, 2 மில் கட்டணம். மேலே உள்ள கணக்கில் வருடம் 640 டாலர் மிச்சம். யாரையும் உள்ளே விடவேண்டிய கட்டாயம் இல்லை. 'கமர்ஷியல் ஃபாரஸ்ட்' வேறு. குறைந்தது 40 ஏக்கர், வரி மிக மிகக் குறைவு, ஆனால் யார் வேண்டுமானாலும் நடந்து வந்து வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம். விளம்பரத்தில் 40 ஏக்கருக்கு வரி நூறு டாலர்கூட இல்லை என்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், உங்கள் பரணுக்குக் கீழே இன்னொருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார், கேட்கவும் முடியாது.

கடன் கிடைக்குமா?

வீட்டுக்கடன் மாதிரி 3 சதவீதம் 5 சதவீதம் முன்பணத்தில் கிடைக்காது. வெற்று நிலத்துக்குப் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல் கேட்பார்கள், வட்டியும் அதிகம். பெரிய வங்கிகளில் அலையவேண்டாம். நிலம் இருக்கும் ஊரின் கிரெடிட் யூனியனையும் (கூட்டுறவு வங்கி மாதிரி), 1916-லிருந்து இருக்கும் ஃபார்ம் கிரெடிட் அமைப்பின் கிளையையும் கேளுங்கள். இரண்டாவது ஆட்கள் பொழுதுபோக்கு நிலத்துக்கும் கடன் கொடுப்பார்கள்.

விற்பவரே தவணையில் கொடுப்பதை இங்கே லேண்ட் கான்ட்ராக்ட் என்பார்கள். கிரெடிட் ஸ்கோர் பார்க்கமாட்டார்கள், நாலு கையெழுத்தில் முடியும். ஆனால் கடைசித் தவணை வரை பத்திரம் அவர் பேரில். தவணை தவறினால் நிலம் திரும்பப் போகும். கோர்ட் உத்தரவுக்குப் பிறகு பாக்கியைக் கட்டி மீட்க 90 நாள், பாதிக்கு மேல் கட்டியிருந்தால் ஆறு மாதம். ஒப்பந்தத்தின் சுருக்கத்தைப் பதிவு செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். ஐந்தாம் வருடம் மொத்த பாக்கியும் ஒரே தடவையில் என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வரி பாக்கி ஏலத்தில் சில ஆயிரத்துக்குப் போகிறதே?

போகிறது. அதில் கிடைப்பது 'என்னிடம் என்ன உரிமை இருக்கிறதோ அதைத் தருகிறேன்' என்ற வகைப் பத்திரம். வில்லங்கத்துக்கு யாரும் பொறுப்பில்லை, கோர்ட்டில் உரிமையை உறுதி செய்யாமல் டைட்டில் இன்ஷூரன்ஸ் கிடைப்பது கஷ்டம். நேரில் போய்ப் பார்த்தால் பத்தடி அகலப் பட்டையாகவோ ஏரிக்குள் பாதியாகவோ இருக்கும். பொறுமையும் வக்கீல் நண்பரும் இருப்பவர்களுக்கு சரி.

இதோடு சேர்த்து இன்னொன்று: மண்ணுக்கு அடியில் இருப்பது தனிச்சொத்து. யூ.பி.யில் இரும்பு, செம்புக் கம்பெனிகள் நூறு வருடத்துக்கு முன்பு நிலத்தை விற்றபோதே கனிம உரிமையைத் தங்களுக்கு நிறுத்திக்கொண்டார்கள். பட்ஜெட் நிலத்தில் அது வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாகக் கவலைப்படவேண்டாம், பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

நாலு நண்பர்கள் சேர்ந்து வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் எழுத்தில். நாலு பேர் பெயரையும் பத்திரத்தில் போட்டுவிட்டு வந்தால், நாளைக்கு ஒருவர் கலிபோர்னியாவுக்கு மாறிப்போய்ப் பணம் கேட்கும்போது மொத்த நிலத்தையும் விற்கச் சொல்லி கோர்ட்டுக்குப் போக அவருக்கு உரிமை உண்டு. எல்எல்சி என்ற வகைக் கம்பெனி ஒன்று ஆரம்பித்து, விலகுபவர் பங்குக்கு விலை எப்படி, வருடச் செலவு எப்படி, முதல் வாரம் யாருக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் பங்கு கைமாறினால் வரி மூடி மறுபடி திறக்கும். நவம்பர் 15 காலையில் எந்தப் பரணில் யார் என்பதையும் எழுதுங்கள். சிரிக்காதீர்கள், சண்டை அங்கேதான் வரும்.

சொந்த நிலத்தில் சோளம் கொட்டி மானை வரவைக்கலாமா?

பாலத்துக்கு இந்தப் பக்கம், கீழ்த் தீபகற்பத்தில் 2019 ஜனவரி 31-லிருந்து தடை, சொந்த நிலம் என்பதெல்லாம் கணக்கில்லை. மான் மாநிலத்துக்குச் சொந்தம், உங்களுக்கு நிலம் மட்டும்தான். காரணம் மான்கள் ஒரே குவியலில் வாய் வைத்து நோய் பரப்புவது. சிடபிள்யூடி என்ற மூளை நோய் இங்கே காட்டு மானில் 2015-ல் தெரிந்தது. வடகிழக்கில் சில கவுன்ட்டிகளில் மானுக்குக் காசநோயும் உண்டு, வாங்குமுன் அந்தப் பகுதி விதிகளைப் பாருங்கள். யூ.பி.யில் அளவோடு அனுமதி. மான் மேய க்ளோவர் மாதிரி தீவனப் பயிர் விதைத்து வளர்ப்பதற்கு எங்கும் தடையில்லை.

கேபின்?

முதல் இரண்டு வருடம் கட்டாதீர்கள். டவுன்ஷிப் ஆபீஸில் போன் செய்து, ட்ரெய்லர் எத்தனை நாள் நிறுத்தலாம், குறைந்தபட்சக் கட்டடப் பரப்பு உண்டா என்று மட்டும் கேட்டு வையுங்கள். கட்டும் எண்ணம் இருந்தால் செப்டிக் டேங்குக்கு மண் ஒத்துவருமா என்ற சுகாதாரத் துறைச் சோதனையை வாங்குவதற்கு முன்பே நிபந்தனையாகப் போடுங்கள். நிலத்தை வாங்கிய பிறகு அந்தச் சோதனையைச் செய்து பயனில்லை.

எந்த மாதம் வாங்கப் போவது?

பார்க்க ஏப்ரல், விலை பேச ஜனவரி. சீசன் முடிந்து, கோடை வரி, குளிர்கால வரி என்று இரண்டு ரசீதும் கைக்கு வந்திருக்கும் நேரத்தில் விற்பவர் கொஞ்சம் இறங்கி வருவார். அக்டோபரில் எல்லோருக்கும் ஆசை வரும், விலையும் ஏறும். பணத்தை எப்போதும் டைட்டில் கம்பெனி வழியாகவே கொடுங்கள். ஆள் இல்லாத வெற்று நிலத்தைத் தன்னுடையது என்று சொல்லி விற்கும் மோசடி நாடு முழுக்க நடக்கிறது. கணக்கு எண்ணை ஈமெயிலில் மாற்றி அனுப்பினால் உங்களுக்குத் தெரிந்த நம்பரில் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அப்புறம், நவம்பர் 15-க்கும் 30-க்கும் நடுவில் நிலம் பார்க்கப் போகாதீர்கள். போயே ஆகவேண்டும் என்றால் ஆரஞ்சு சட்டை, ஆரஞ்சு தொப்பி, முன்கூட்டியே விற்பவருக்கு ஒரு போன்.